பெரியம்மாவுக்குச் சொத்தை

தலைவருக்குப் பெயர்ப்பலகை என்றால் உயிர். கிளப்பில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவர் பெயர் உண்டு. வாசல் பெஞ்சின் முதுகில் உண்டு. கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் தலைவரின் பெயரோடுதான் எழுந்திருக்க வேண்டும். கழிவறைக் கதவுக்கு மேலே ‘திறந்து வைத்தவர்’ என்று அவர் பெயர் இருக்கிறது. அவசரமாகப் போகிறவர்கள் அதை எவ்வளவு நன்றியோடு படிப்பார்கள் என்பது அவருடைய கற்பனை.

இத்தனைக்கும் கிளப் என்பது ஒரு நீளமான புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இன்ஜின் இல்லாத சில கிளைடர் விமானங்கள். அவ்வளவுதான். தலைவருக்குப் பிழைப்பு டைல்ஸ் கடை. பறக்கவும் தெரியும், அதில் குறை சொல்ல முடியாது. தலைவர் ஆனது மட்டும் தனிக் கதை. தேர்தல் கூட்டத்துக்கு வராத அத்தனை பேரும் சேர்ந்து அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கொட்டகையில் இருப்பதிலேயே மூத்தவள் பெரியம்மா. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் கிளைடர். இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துக் கட்டிய கூடு, மேலே துணி போர்த்திய உடம்பு. கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்ட எல்லோரையும் மடியில் வைத்து வளர்த்தவள் என்பதால் அந்தப் பெயர். போன ஆண்டுவிழாவில் தலைவர் பெரியம்மாவையும் விட்டுவைக்கவில்லை. பின் சீட்டுக்காரரின் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு குறுக்குக் குழாயில், பளபளவென்று பித்தளைப் பலகை மாட்டினார். பறக்கிற நேரம் முழுக்க அந்த மனிதருக்குப் படிக்க வேறு எதுவும் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின் சீட்டில் உட்காரப் போகிறவர் தலைவரின் மாமனார்.

மாமனார் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “பல் வரிசை பரவாயில்லை” என்றார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் தலைவருக்கு அவரிடமிருந்து வேறு சான்றிதழ் வந்ததில்லை. டைல்ஸ் கடை திறந்தபோது வந்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். அப்படிப்பட்டவர் கிளப்பின் வெள்ளிவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரவும், மாப்பிள்ளை ஓட்டும் கிளைடரில் ஏறவும் சம்மதித்திருக்கிறார். இந்த ஒரு பறப்புக்காகத் தலைவர் மற்ற எல்லாப் பலகைகளையும் கழற்றிக் கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார். கழிவறைப் பலகை உட்பட.

அப்போதுதான் உத்தரவு வந்து சேர்ந்தது. எங்கோ ஓர் ஊரில் இதே ரகக் கிளைடர் ஒன்றில், இறக்கைகளைப் பிடித்திருக்கும் முன் குறுக்குக் குழாயின் வெல்டிங்கில் விரிசல் கண்டிருக்கிறது. ஆகவே இந்த ரகத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளைடரையும் தகுதி பெற்ற இன்ஸ்பெக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை தரையை விட்டு எழும்பக் கூடாது. கட்டாயம்.

மற்ற கிளப் தலைவர்கள் தலையில் கை வைத்தார்கள். நம் தலைவர் மீசையில் கை வைத்தார். சுற்றுவட்டாரத்தில் அந்தத் தகுதி பெற்ற ஒரே இன்ஸ்பெக்டர் அவருடைய மச்சினி. பெண்டாட்டியின் சொந்தத் தங்கை.

வெள்ளிக்கிழமை காலை மச்சினி கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“வாம்மா, வா. டீ சொல்லட்டுமா? பெரியம்மாவைத் துடைச்சு, பாலிஷ் போட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம். நீ ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு அக்காவைப் பாக்கப் போ. சமைச்சிட்டிருக்கா.”

“உள்ள குழாய்க்கும் பாலிஷ் போட்டீங்களா, அத்தான்?”

“பின்ன? உனக்காக ஸ்பெஷலா.”

“அப்ப முதல் வேலை அதைச் சுரண்டி எடுக்கறதுதான். சீட்டைக் கழட்டச் சொல்லுங்க.”

சீட்டைக் கழற்றியது கயிறு. கயிறு என்பது ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் பட்டப்பெயர். மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் இயந்திரத்தில் நீளக் கயிற்றைச் சுற்றி, கிளைடரை இழுத்து வானத்துக்கு ஏற்றுவது அவர் வேலை. தலைவர் எவ்வளவு உயரம் போனாலும் போக வைத்தது தான்தான் என்கிற நிம்மதி அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

மச்சினி பெட்டியைத் திறந்தாள். டார்ச், பூதக்கண்ணாடி, மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள். கடைசியாக, நீளக் கைப்பிடியோடு ஒரு சின்ன வட்டக் கண்ணாடி.

“இது உங்க அப்பா வாய்க்குள்ள விட்டுப் பாக்கற கண்ணாடி இல்ல?” என்றார் தலைவர்.

“கிளினிக்கை மூடினப்போ ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கச் சொன்னாரு. அக்கா நாற்காலியைத் தூக்கிட்டா. நான் இதை எடுத்துக்கிட்டேன்.”

நாற்காலி இப்போது தலைவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் சாய்ந்துதான் அவர் டிவி பார்ப்பார். விளம்பரம் வரும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

மச்சினி கிளைடருக்குள் மல்லாந்து நுழைந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். சுரண்டுகிற சத்தம், ஸ்ப்ரே சத்தம், நடுநடுவே “ம்” என்கிற சத்தம். வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

“வெல்டிங் எல்லாம் சுத்தமா இருக்கு, அத்தான்.”

“நான்தான் அப்பவே சொன்னேனே.”

“பலகையைக் கழட்டணும்.”

“அது எதுக்கும்மா? அது பித்தளை. அதுல விரிசலே வராது.”

“அதுக்குப் பின்னாடி இருக்கற குழாய் பித்தளை இல்லையே. எப்படி நிக்குது இது, ஒட்டினீங்களா?”

“ஒட்டறதா?” தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் மாட்டின எதாவது இதுவரைக்கும் கீழ விழுந்திருக்கா? ரெண்டு ஸ்க்ரூ. நானே ட்ரில் போட்டேன். சுவரா இருந்தா பிளக் வச்சிருப்பேன். இரும்புங்கறதால தேவைப்படல.”

கால்கள் அசையவில்லை. கால்களைப் பார்த்துக் கோபத்தைக் கண்டுபிடிக்கும் திறமை தலைவருக்குக் கிடையாது. கயிறுக்கு இருந்தது. அவர் மெல்ல நகர்ந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்.

“ரெக்கையைத் தாங்கற குழாய்ல ஓட்டை போட்டீங்க.”

“தாங்குதில்ல? வலுவான இடம்னு தெரிஞ்சுதானே போட்டேன்.”

ஸ்க்ரூவைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பித்தளைப் பலகை தலைவரின் கைக்கு வந்தது, எச்சில் தட்டை நீட்டுவது மாதிரி.

சோதனை எளிமையானதுதான். இரும்பைத் துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மேலே இருப்பதைத் துடைத்தால் இரும்பு சுத்தமாகிவிடும். அதன் மேல் வெள்ளைப் பூச்சு அடித்துக் காத்திருக்க வேண்டும். எங்காவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே போய் ஒளிந்துகொண்ட சாயம் வெள்ளையின் மேல் எட்டிப் பார்க்கும். வாதாடாது, மழுப்பாது.

காத்திருந்த நேரத்தில் தலைவர் வெளியே வந்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை ஒத்திகை பார்த்தார். “காற்றையே வாகனமாக்கி, வானத்தையே வீதியாக்கி...”

“நடுவுல கயிறுன்னு ஒண்ணு வரும், தலைவரே,” என்றார் கயிறு.

“அத்தான், இங்க வாங்க.”

தலைவர் கிளைடருக்குள் தலையை விட்டார். மச்சினி பல் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தாள். வெள்ளைக்கு நடுவே, இடதுபக்க ஓட்டையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, குழாயின் பின்பக்கமாக வளைந்து போயிருந்தது. தலைமுடி அளவுதான்.

“பெயின்ட் கீறலா இருக்கும்.”

அவள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சாயத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். மறுபடி காத்திருந்தார்கள். கோடு மறுபடி வந்தது, அதே இடத்தில்.

தலைவர் ஒரு கணம்தான் தடுமாறினார். கூட்டங்களை நடத்திப் பழகியவர் அல்லவா, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரிம்மா. உத்தரவு என்ன சொல்லுது? வெல்டிங்கைப் பாருன்னு சொல்லுது. வெல்டிங் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அப்ப உத்தரவுப்படி பெரியம்மா பாஸ். இது உத்தரவுல இல்லாத விரிசல். திங்கக்கிழமை தனியா ஒரு கமிட்டி போட்டு விசாரிப்போம்.”

“கமிட்டி போட்டா மூடிக்குமா?”

“நான் கிளப் தலைவரா பேசறேன்.”

“நான் உங்க மச்சினியா பேசறேன். ஞாயித்துக்கிழமை இந்தக் குழாய்க்கு நேரா யாரு உக்காரப் போறாங்க?”

“உங்க அப்பா.”

“அப்ப நீங்களே அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. மாமா, விரிசல் இருக்கு, ஆனா உத்தரவுல இல்ல, பயப்படாம வாங்கன்னு. அவரு சரின்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அது வேற விஷயம். அவர் என்ன சொல்றாருன்னு கேக்கணும்னு ஆசையா இருக்கு.”

கதவோரம் கயிறு கூரையைப் பார்த்தார். தலைவர் போனை எடுத்தார். எடுத்த கையோடு எண்ணை அழுத்தியும்விட்டார், வீம்புக்கு.

“மாப்ளயா?” என்றது மறுமுனை. “நானே கூப்பிடணும்னு இருந்தேன். புது ஷூ ஒண்ணு வாங்கிட்டேன். கடைக்காரன் எதுக்கு சார்னு கேட்டான். என் மாப்ள என்னைப் பறக்கக் கூட்டிட்டுப் போறாருன்னு சொன்னேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லியிருக்கேன்.”

‘என் மாப்ள.’ இத்தனை வருஷத்தில் இதுவரை கேட்காத வார்த்தை. அதுவும் கடைக்காரனிடம், பக்கத்து வீட்டில். தலைவருக்குக் காது சூடாகிவிட்டது.

சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. மேலிடத்து உத்தரவு, நாடு முழுக்கத் தடை, நம் கையில் ஒன்றுமில்லை என்று அளந்துவிடலாம். அந்த மாதிரிப் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயையும் திறந்தார். ஆனால் மச்சினி குழாய்க்குப் பின்னால் சாய்த்துப் பிடித்திருந்த வட்டக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதில் அந்தச் சிவப்புக் கோடு இன்னும் தெரிந்தது. அந்தக் குழாய்க்கு நேரே புது ஷூ மாட்டிய இரண்டு கால்கள் நீண்டிருப்பது மாதிரியும் தெரிந்தது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் வாய் திறந்தபடியே நின்றது.

“மாமா, பறக்க முடியாது,” என்றார் கடைசியில். “பெரியம்மாவுக்குச் சொத்தை.”

மறுமுனையில் குரல் டாக்டர் குரலாக மாறியது.

“எந்த இடத்துல?”

“ரெக்கையைப் பிடிச்சிருக்கற குழாய்ல.”

“கண்டுபிடிச்சது?”

“உங்க சின்ன மக. உங்க கண்ணாடியை வச்சு.”

“வலி ஏதாவது இருந்துச்சா?”

“வலியா?”

“ஆட்டம், சத்தம், அந்த மாதிரி.”

“ஒண்ணுமே இல்ல மாமா. போன வாரம்கூட நான் பறந்தேன்.”

“வலி இல்லன்னா எவனும் வாயைக் காட்ட மாட்டான். சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். பறக்க வேண்டாம், பாக்கணும்.”

மச்சினி பெரியம்மாவின் மூக்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினாள்: பறக்கக் கூடாது. தலைவருக்குத் தெரிந்து அவர் பெயர் இல்லாமல் கிளப்பில் தொங்கிய முதல் பலகை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். ஷூ இரண்டும் கண்ணைப் பறித்தன. தலைவரின் மனைவி அப்பாவைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போனாள்; அவர் மேடையைத் தாண்டி நேரே பெரியம்மாவிடம் போய்விட்டார். மைக்கில் “காற்றையே வாகனமாக்கி” என்று தொடங்கிய தலைவர், கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்துத் தானும் இறங்கிப் போனார்.

கிழவர் சீட் கழற்றிய இடத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மகளிடமிருந்து கண்ணாடியை வாங்கி, பழகிய கையால் அரைச்சுற்றுத் திருப்பினார்.

“இது தானா வந்த சொத்தை இல்ல. ஓட்டை போட்டிருக்கு. யாரு போட்டது?”

மச்சினி நகத்தைப் பார்த்தாள். கயிறு வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் அதைக் கையிலேயே எடுத்து வந்திருந்தார்.

“நான்தான் மாமா,” என்றார். மைதானம் முழுக்கக் கேட்டது.

கிழவர் இன்னொரு முறை உள்ளே பார்த்தார்.

“கை நேராத்தான் இருக்கு, மாப்ள. எடம்தான் தப்பு. எனக்கும் ஆரம்பத்துல ஒரு தடவை ஆச்சு. நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்.” நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். “வேற குழாய் வச்சுக் கட்ட முடியுமா?”

“பழசை அறுத்துட்டுப் புதுசா வெல்டிங் வைக்கலாம்பா,” என்றாள் மச்சினி. “மழைக்காலம் முடியறதுக்குள்ள ஆயிடும். அப்புறம் மறுபடி நான் பாப்பேன்.”

“அப்ப ஷூ இருக்கட்டும். வீட்டுல போட்டுப் பழகறேன்.”

இவ்வளவோடு எந்த மனிதனும் அடங்கியிருப்பான். தலைவர் ஐந்து நிமிடம் அடங்கியிருந்தார். அதற்குள் மேடைக்குத் திரும்பி மைக்கைத் தட்டியாகிவிட்டது.

“அன்பர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் அந்தப் பலகை இல்லாமல் போயிருந்தால், அதை யார் கழற்றியிருப்பார்கள்? கழற்றாமல் போயிருந்தால், அதன் பின்னால் இருந்த விரிசலை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?”

கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் யோசித்தார்கள்.

“பலகை இல்லன்னா விரிசலே வந்திருக்காதுன்னு அவருக்குச் சொல்லேண்டி,” என்றாள் மனைவி தங்கையிடம்.

“நீதானே அவரு கூடக் குடித்தனம் பண்றே. நீ சொல்லு.”

விழா முடிந்ததும் தலைவர் கருவி அலமாரியின் முன்னால் வந்து நின்றார். பெரியம்மாவின் விரிசல் கண்டறியப்பட்டதன் நினைவாக ஒரு சின்னப் பலகை. வாசகம்கூட மனதில் தயார். அலமாரிக் கதவில் வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். அலமாரி எந்த இறக்கையையும் தாங்கவில்லை என்பதை ஒருமுறை தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“யோவ் கயிறு, அந்த ட்ரில்லை எடு.”

“இல்ல தலைவரே. இன்ஸ்பெக்டர் மேடம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“எதுக்கு?”

“சோதனைக்காம். கட்டாயமாம்.” கயிறு சட்டைப்பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்து நீட்டினார். “இதைக் குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒட்டுமாம்.”