லீவரைப் பிடிக்கிற கை

வெங்கிட்டு சாவியைத் திருப்பினான். வண்டி மௌனம் அனுஷ்டித்தது. கூடத்தில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே கிடந்த அவன் அப்பா வைத்தீஸ்வரனுக்குச் சரிக்குச் சரியான மௌனம்.

அன்று பந்த். மட்டாஞ்சேரியில் டாக்ஸி, பஸ், படகு எதுவும் ஓடவில்லை. மதராஸிலிருந்து ராத்திரி ரயிலில் வரும் அக்கா ஸ்வர்ணலதா எறணாகுளம் ஸ்டேஷனில் நிற்பாள். அவள் வந்து முகம் பார்த்தபிறகுதான் எடுக்கவேண்டும். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மரணக் காரியத்துக்கு வழிவிடுவார்கள் என்று வண்டியின் முன்னால் கறுப்புத் துணிகூடக் கட்டியாகிவிட்டது.

"தள்ளிப் பாக்கலாமாடா?" என்றார் வெங்கிடாசலம் சித்தப்பா.

"ஆட்டோமேட்டிக் சித்தப்பா. எறணாகுளம் வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது."

"கிளட்ச் இல்லாத வண்டி எதுக்குன்னு உங்கப்பன்கிட்ட அன்னிக்கே கேட்டேன்."

எழுபத்திரண்டில் ஊரைவிட்டுப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. ஸ்டியரிங் இடதுபக்கம், கியர் லீவர் ஸ்டியரிங் தண்டிலேயே. லீவர் நியூட்ரலில் சரியாக உட்கார்ந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். சில நாள் போகும், சில நாள் போகாது. இடப்பள்ளி மெக்கானிக் ஒயரையெல்லாம் மாற்றினார். அவர் முன்னால் மட்டும் வண்டி பரமசாது. "ஸ்வாமி, வண்டிக்கு ஒரு குழப்பவும் இல்லா" என்று அனுப்பிவிடுவார். மறுநாள் அம்மாவோடு கோவிலுக்குக் கிளம்பினால் மக்கர் பண்ணும்.

பேட்டரியைச் சோதிக்க வெங்கிட்டு ஹாரனை அழுத்தினான். கணீரென்று அடித்தது. சாவு வீட்டு வாசலில் ஹாரன் அடித்த முதல் மகன் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"திரிபுரம், நீ வெளியிலே வரப்படாது" என்று அத்தை பின்னாலேயே வந்தாள்.

அம்மா காதில் வாங்காமல் தன் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இடதுகையால் லீவரை இம்மியளவு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இப்போ திருப்பு."

வண்டி உறுமியது.

"நான் பிடிக்கலேன்னா இது கிளம்பாதுடா. உங்கப்பா எப்பவும் சொல்வார்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இறங்கி, மறுபடியும் அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா தினமும் ஆபீசுக்கு இந்த வண்டியில் தனியாகத்தான் போவார் என்பது பாலத்தைத் தாண்டும்போதுதான் வெங்கிட்டுக்கு உறைத்தது.

ஸ்டேஷனில் பழக்கதோஷத்தில் சாவியைப் பிடுங்கிவிட்டான். அக்கா ஏறி உட்கார்ந்தாள். வண்டி மறுபடியும் மௌனம். லீவருக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று சாம்பல் கிண்ணத்தை இழுத்தான். அப்பா சிகரெட் குடித்தவரில்லை. உள்ளே ஒரு மரச்சீவல் மட்டும் கிடந்தது, அப்பாவின் ஆபீஸ் மிளகுப் பெட்டியிலிருந்து செதுக்கியது, கைபட்டுக் கைபட்டு வழவழத்தது. லீவருக்கும் தண்டுக்கும் நடுவே செருகினான். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. திருப்பினான். உறுமியது. அணைத்து, சீவலை எடுத்துவிட்டுத் திருப்பினான். ஒன்றுமில்லை. மறுபடி செருகினான்.

"அப்பா அங்கே காத்திண்டிருக்கார். என்னடா பண்ணிண்டிருக்கே?"

"கோளாறு எங்கேன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"ம்."

வீடு வந்ததும் சீவலை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டான். அக்கா அப்பாவின் முகத்தைத் தடவி அழுது ஓய்ந்தபிறகு அம்மா தலைநிமிர்ந்து கேட்டாள்.

"ஸ்டேஷன்ல கிளம்பித்தா?"

"லேசிலே கிளம்பலைம்மா. அக்காவைப் பிடிக்கச் சொன்னேன். அவளுக்குக் கை பழகலை."

ஸ்வர்ணலதா அவனைப் பார்த்தாள்.

"எப்படிப் பழகும்" என்றாள் அம்மா. இடதுகையை மடியில் மல்லாத்தி வைத்துச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.