இரண்டாவது மாடித் திருப்பம்

ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணை ஒட்டியவளே, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காதான். அது அவள் தம்பியின் ஈரல் துண்டு. சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செல்லுக்குச் செல் இளஞ்சிவப்பு உருண்டைகள். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத முப்பது வயதுக்காரனுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

டாக்டர் கையெழுத்துப் போடும்வரை சாயம் போடுகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது பரிசோதனைக்கூடத்தின் சட்டம். டாக்டரோ திங்கள்கிழமைதான் வருவார். நல்ல சட்டம்தான், வீட்டில் தம்பி இல்லாதவர் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். என்ன பொய் சொல்வது என்று யோசிக்கத்தான் நின்றதாக நினைத்துக்கொண்டாள்.

பார்சல் கிடங்கில் பெட்டி கட்டிய தம்பி, ஈரல் துண்டு எடுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன ஒரு நாளைத் தவிர இரண்டு மாதமாகக் கீழே இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது. கதவோரம் நாற்காலியைப் போட்டு, படியில் போகிற வருகிற காலடிகளைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவன் பொழுதுபோக்கு. அவள் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான்.

"பாத்துட்ட. சொல்லு."

சட்டம் காற்றில் பறந்தது.

"நுரையீரலைக் காக்கிற ஒரு புரதத்தை ஈரல்தான் செஞ்சு அனுப்பணும். செல்லுக்குள்ள ரைபோசோம்னு ஒண்ணு, ஜீன்ல இருக்கிற குறிப்பைப் பாத்து, மணி கோக்கிற மாதிரி அதைக் கோக்கும். உனக்குக் குறிப்புலயே ஒரு மணி தப்பு. அதனால அடுத்த எடமான எண்டோபிளாச வலையில மடிக்கிறப்போ கோணிக்குது. கோணினத அங்கேருந்து வெளிய விடாது."

"அப்போ பேக்கிங் எங்க?"

"பேக்கிங் அதுக்கும் அடுத்து, கோல்கிங்கற எடத்துல. மத்த சரக்கெல்லாம் அங்க வந்து ஒழுங்கா வெளிய போகுது. இதுல முக்காவாசி வந்தே சேரல. உள்ளயே ஒண்ணோட ஒண்ணு சிக்கி உருண்டையாக் கெடக்குது."

"என்னை மாதிரி," என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. தண்ணீர் கொடுத்தாள்.

"யாரு குடுத்த குறிப்பு?"

"அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு. ரெண்டு பக்கமும் தப்பா வந்தாத்தான் இப்படி. பாவம், அவங்களுக்கே தெரியாது."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கும் அதே அப்பா அம்மாதானே?"

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"முன்னெல்லாம் ஒரே மூச்சுல ஏறி வருவ. மூணு வாரமா ரெண்டாவது மாடியில நிக்கிற. நேத்து ரெண்டு எடத்துல நின்ன. இங்கதானே உக்காந்திருக்கேன், கேக்குதுக்கா."

பை கனம் என்று சொல்ல வாயெடுத்தவள், குனிந்து பார்த்தாள். பையில் இருந்தது ஒரே ஒரு பால் பாக்கெட்.