மரச்செருப்பு தட்டும் வரை

விடுரியின் இடதுகால் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்து நின்றது. அந்தக் காலில் ஒரு மரச்செருப்பு. வாக்கியம் முடிந்ததும் அதைத் தரையில் தட்டுவாள். தட்டிய பிறகுதான் நான் வாயைத் திறக்க வேண்டும். பன்னிரண்டு வருடங்களாக எங்களுக்குள் இருக்கும் ஒரே ஒப்பந்தம் இதுதான்.

விடுரிக்குப் பிறவியிலேயே மூளைவாதம். கழுத்து, கை, நாக்கு எதுவும் அவள் பேச்சைக் கேட்காது. ஒரு சொல் வெளியே வருவதற்குள் சில சமயம் தேநீர் ஆறிவிடும். வந்தாலும் மற்றவர்கள் காதுக்கு அது முனகல்தான். எனக்கு மட்டும் புரியும். அவள் சொல்வதை நான் உரக்கச் சொல்கிறேன். அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். கதைகளை அவள் எழுதி வைப்பதில்லை. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துப் பார்த்து அங்கேயே கட்டுவாள். நான் அவளுடைய சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு மணி நேரம் அப்படி நின்றால் கழுத்து என்னுடையதாகவே இருக்காது.

அன்று ஜோக்ஜா நகரில் எங்கள் வட்டார மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். புத்தகம் போடுகிற ஹர்யாத்தி அம்மா வந்திருந்தார். கதைகள் விடுரியுடையவையா, என்னுடையவையா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் யார் பெயர் என்று முடிவு செய்வாராம். இந்தச் சந்தேகம் புதிதல்ல. “அந்த முனகலுக்குள்ள இத்தன கதையா? எல்லாம் முர்னி அவுத்து விடறதுதான்” என்று சந்தையில் என் காதுபடவே பேசுவார்கள். எனக்குக் கதை கட்டத் தெரிந்தால் விடியுமுன் எழுந்து இருநூறு சோற்றுப் பொட்டலம் ஏன் கட்டுகிறேன்?

சிறுவயதில் தன்னை முதுகில் சுமந்தவர்களைப் பற்றி விடுரி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, மாமா, ஒரு மழைநாளில் ஐஸ் விற்கிறவர்.

“என்னத் தூக்கினவங்க எல்லாரும்...” என்று இழுத்தாள். கால் அப்படியே நின்றது. மின்விசிறி சுற்றியது. எனக்குக் கண் செருகியது. இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

“என்னத் தூக்கினவங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க” என்று முடித்துவிட்டேன்.

கூட்டம் ‘உச்’ கொட்டியது. மண்டபத் தலைவர் ஸ்லாமெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

அப்போது செருப்பு தட்டியது. மூன்று முறை.

“நான் அதச் சொல்லல. அது உன்னோட வாக்கியம்க்கா. எல்லாருக்கும் சொல்லு.”

“இப்ப வேணாம்டி” என்று கிசுகிசுத்தேன். “அந்தம்மா எழுதிக்கிட்டிருக்காங்க. ஒண்ணு என்னோடதுன்னா எல்லாமே என்னோடதும்பாங்க. உன் பேரு போயிடும்.”

“போகட்டும். சொல்லு.”

“என்ன சொல்றாங்க?” என்றார் ஹர்யாத்தி அம்மா.

அவள் சொன்னது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ‘நன்றி சொல்றா’ என்று நான் சொன்னால் அதுதான் அவள் சொன்னதாகிவிடும். அது அப்போதுதான் உறைத்தது. இதுவரை எத்தனை வாக்கியங்களை இப்படி முடித்து வைத்தேனோ, எத்தனையை அவள் பொறுத்துக்கொண்டாளோ.

“நான் அதச் சொல்லல” என்றேன். “அது முர்னி அக்கா சொன்னது. நான் முடிக்கறதுக்குள்ள அவங்க முடிச்சுட்டாங்க.”

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். ஹர்யாத்தி அம்மா தாளில் எழுதியதில் எதையோ கோடிட்டு அடித்தார். எதை என்று தெரியவில்லை. போயிற்று, இவளுடைய புத்தகத்தை நானே கெடுத்தேன் என்று நினைத்தேன்.

விடுரி மறுபடி தொடங்கினாள். இந்த முறை செருப்பு தட்டும் வரை காத்திருந்தேன். ஆனால் காதில் விழுந்தது என்னைப் பற்றியது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் புருஷனிடம்கூட.

“முர்னி அக்காவுக்கு... ரொம்பக் களைப்பு.”

செருப்பு படபடவென்று தட்டியது.

“‘ரொம்ப’ நான் சொல்லல” என்று அதையும் சொன்னேன். கூட்டமே சிரித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “அவங்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. பன்னண்டு வருஷமா எனக்கும் தோணல” என்று அவள் அடுத்துச் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

ஸ்லாமெட் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உட்கார்ந்தேன். என் காது தானாகவே அவள் வாய்க்கு நேராக வந்தது. இவ்வளவுதான் விஷயமா என்றிருந்தது.

“என்னத் தூக்கினவங்க எல்லாரும்” என்றாள். காத்திருந்தேன். “வழியில ஒரு எடத்துல... மூச்சு வாங்க... எறக்கி வெச்சாங்க.” செருப்பு தட்டியது. சொன்னேன். இம்முறை யாரும் உச் கொட்டவில்லை.

“அந்த எடத்துல...” என்று என் காதில் அடுத்ததைத் தொடங்கினாள். கால் மேலே போனது. பின்வரிசையில் இருந்தவர்கள் அந்தக் காலைப் பார்க்க எழுந்து நின்றார்கள். ஹர்யாத்தி அம்மாவின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. இறக்கி வைத்த இடத்தில் அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. மரச்செருப்பு நாலு விரற்கடை உயரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.