தங்கம் மடித்து வைத்த முடிவுகள்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை, திருடினேன். மயிலாப்பூரில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். எதிரே எல்லாம் கலங்கல். காது மட்டும் வேலையில்லாமல் இருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா, அதைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பையன். கம்பவுண்டர் வந்து பையனிடம் கேட்டார்: "அம்மாவுக்குக் கண்ணு எப்படித் தெரியுது?"

"நல்லாத் தெரியுது," என்றார் அந்த அம்மா. "நீ அவனைப் பாத்து என்னைக் கேக்குறதுகூடத் தெரியுது."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். வசனம் மட்டும் என் கைப்பைக்குள் விழுந்து கிடந்தது. (நீங்களாயிருந்தால் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்திருப்பீர்களாக்கும்.)

2

முதலில் அந்த அம்மாவை வைத்தே எழுதிப் பார்த்தேன். நகரவில்லை. இப்படி வாயுள்ளவர்களுக்குக் கதை எழுதுகிறவளின் தயவு எதற்கு? ஒரே வசனத்தில் கதையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே, பதில் சொல்ல நேரம் பிடிக்கிற ஒருத்தியைத் தேடினேன். தங்கம் கிடைத்தாள்.

தி. நகரில் புடவைக் கடை. கல்லாவில் கணவர் ராஜரத்தினம், திருநெல்வேலிக்காரர். பட்டுப் பிரிவில் தங்கம். மகன் ஹரி, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே. வீடு அசோக் நகரில். தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் தங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது.

பாவம் தங்கம், சக்கர நாற்காலியில் முடங்கி, வாயிருந்தும் ஊமையாய், நாலு சுவருக்குள்

(வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. நீங்களும் பாருங்கள் என்று அழிக்கவும் இல்லை. முடங்கியது வலது கையும் வலது காலும். பேச்சு எங்கும் போய்விடவில்லை, தாமதமாக வருகிறது. மனசில் தயாராக நிற்கிற சொல் வாய்க்கு வந்துசேர, பனகல் பார்க் வாசலில் பஸ் வருகிற மாதிரி நேரமாகும். வரும். அதுவரை நிற்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும்தான், அவசரத்தில் 'பாவம் தங்கம்' என்று ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.)

3

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அடையாறில் தங்கம் கைகால் பயிற்சிக்குப் போகிற மையத்தில் ஒரு கூட்டம். தங்கம் இனி எங்கே இருப்பது என்று முடிவுசெய்ய. குளியலறையில் ஒருதரம் வழுக்கி விழுந்திருந்தாள். கடையில் சீசன், வீட்டில் பகலெல்லாம் ஆள் கிடையாது. பாலவாக்கத்தில் நல்ல இல்லம் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் ஸ்ரீரங்கன் சொல்லியிருந்தார். ராஜரத்தினம் பாதி தலையாட்டியும்விட்டார்.

தங்கத்துக்குப் பாலவாக்கம் வேண்டாம். இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த அறையில் இருந்த மற்ற நாலு பேருக்குத்தான் தெரியாது.

நாலாவது ஆள் ஸ்நேஹா. சமூகப்பணி படித்துவிட்டு மையத்தில் புதிதாகச் சேர்ந்தவள். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே முடிவெடுக்கக் கூடாது என்று டாக்டரோடு வாதாடி ஜெயித்திருந்தாள். அந்த உற்சாகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தங்கத்தை நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லோரும் தங்கத்தைப் பார்க்கலாம். தங்கத்துக்கு டாக்டரும் ராஜரத்தினமும் மட்டும் தெரிந்தார்கள். ஹரியும் ஸ்நேஹாவும் முதுகுக்குப் பின்னால். பேச்சு அவள் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. ஈரத்துணி காய்கிற கொடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"கடல் காத்து வரும்லா," என்றார் ராஜரத்தினம். "அவளுக்குக் கடல்னா உசுரு."

கடற்கரைக்குப் போனால் மணல் புடவைக் கரையில் ஏறிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து உதறி மாளாது. தங்கத்துக்குக் கடல் ஒருநாளும் பிடித்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றான் ஹரி பின்னாலிருந்து.

தண்ணீர் வந்துவிட்டது. குடித்தாள். வேறென்ன செய்வது.

"அங்கே பேதமே கிடையாது," என்றார் டாக்டர். "இருக்கறவா இல்லாதவா எல்லாரும் சமம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல குளியல், ஒரே கஞ்சி, ஒரே நைட்டி. பாருங்கோ."*

விளம்பரத் தாளை நீட்டினார். அது டாக்டரிடமிருந்து ராஜரத்தினத்துக்கும், அங்கிருந்து தங்கத்தின் தலைக்கு மேலாக ஹரிக்கும் போகத் தொடங்கியது. தங்கத்தின் இடது கை மேலே எழுந்து அதைப் பறித்துக்கொண்டது.

படத்தில் வரிசையாகப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே வெளிர்நீல நைட்டி. ஆடித் தள்ளுபடியில் இலவசமாகக் கொடுத்தாலும் தங்கத்துக்குத் தொடக் கைகூசுகிற நீலம்.

* டாக்டர் நல்லவர், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கட்டில் என்பது சின்ன விஷயமா? ஆனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே அளவில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டு, நான் பாரபட்சம் பார்க்காதவள் என்று நின்றால், எத்தனை பேருக்குக் கை நுழையும்? அதையும் யோசியுங்கள்.

4

இங்கே கூட்டத்தை நிறுத்திவிட்டு உங்களைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

புடவைக் கடையில் யாரும் 'பிடிக்கவில்லை' என்று நேராகச் சொல்வதில்லை. விரித்துப் போட்டவர் மனசு நோகும். அதனால் விரித்ததைத் தாங்களே அரைகுறையாக மடித்து, விற்கிறவர் பக்கமாக லேசாகத் தள்ளுவார்கள். விற்கிறவர் ஏன் என்று கேட்கக் கூடாது, அதே புடவையை மறுபடி புகழவும் கூடாது. அடுத்ததை எடுக்க வேண்டும். கல்யாணப் பெண்ணோடு அத்தை, சித்தி, நாத்தனார் என்று ஒரு வேன் வந்து இறங்கும். வாய்கள் எத்தனை இருந்தாலும், "உடுத்தப்போறவ கைய மட்டும் பாரு" என்பது தங்கத்தின் சட்டம். ஹரி தவழ்ந்த வயசிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன்.

வாருங்கள், திரும்பிவிடலாம்.

தங்கம் அந்தத் தாளை மடியில் வைத்து, இடது கையால் இரண்டாக மடித்தாள். மணிக்கட்டால் மடிப்பை நீவினாள். டாக்டர் பக்கமாக லேசாகத் தள்ளினாள்.

"வெச்சுக்கோங்கோ, நெறைய இருக்கு," என்றார் டாக்டர்.

பின்னால் ஹரி எழுந்துவிட்டான். "வேற காமிக்கிறேன்மா."

சொன்ன பிறகு அவனே திகைத்து நின்றான். வாய் தானாகக் கடையிலிருந்து பேசிவிட்டது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அம்மா முகத்துக்கு நேராகக் குந்தினான்.

"அப்பா, அம்மா மடிச்சுட்டாங்க."

"பாத்தேன்ல." ராஜரத்தினம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "தள்ளியும் விட்டுட்டா."

"பேப்பரைத்தானே மடிச்சா?" என்றார் டாக்டர்.

"பாலவாக்கத்தை, டாக்டர்," என்றான் ஹரி.

ஸ்நேஹா தன் நாற்காலியை வட்டத்திலிருந்து வெளியே இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது தங்கத்துக்கு எல்லா முகமும் தெரிந்தது.

5

அதன் பிறகு அந்த அறை கடையாகிவிட்டது.

ராஜரத்தினம் துண்டைத் தங்கத்தின் மடியில் விரித்தார். "வீட்டுல கீழ் ரூம்ல கட்டில் போட்டு, கையெட்டுற இடத்துல மணி ஒண்ணு கட்டிருதேன். என்ன சொல்லுத?" துண்டு மடிந்து திரும்பி வந்தது.

ஹரி கைக்குட்டையை விரித்தான். "கடைக்கு மேல மாடி ரூம்மா? நான் தூக்கிட்டுப் போய்டுவேன்." அதுவும் மடிந்தது, இன்னும் வேகமாக.

டாக்டர் சட்டைப்பையைத் தடவினார். "எங்கிட்ட மூக்கு சிந்தின கர்ச்சீப்தான் இருக்கு."

தங்கம் சிரித்தாள். சிரிப்புக்கு மட்டும் தாமதம் கிடையாது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. கதையை எழுதுகிறவள், என்னிடம் சரக்கு இல்லையா? ஒரு முடிவை விரித்தேன்: தங்கம் மறுபடி பட்டுப் பிரிவில், தீபாவளிக் கூட்டம், எல்லோரும் அவள் இடது கையைப் பார்த்தே வியாபாரம் செய்கிறார்கள். ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டிய பக்கம். மடித்துத் தள்ளிவிட்டாள்.

இரண்டாவதில் ஹாஜிரா பீ என்று ஒருத்தியை வீட்டோடு வேலைக்கு வைத்தேன். தங்கம் வாயைத் திறக்குமுன்னே எல்லாம் புரிந்துகொண்டு அவளுக்காகப் பேசுகிற தங்கமான மனுஷி. அதைத்தான் எல்லாவற்றையும்விட வேகமாக மடித்தாள்.

மூன்றாவதில் பேச்சு திடீரென்று திரும்பி வந்து, தங்கம் சமத்துவம் பற்றி இரண்டு பக்கம் முழங்குகிறாள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்

அதை மடிக்கக்கூட இல்லை. வாங்கித் தனக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

6

கொண்டுவந்த எல்லாம் மடிந்துவிட்டால், கடையில் ஒரே வழிதான் மிச்சம். "உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். விற்கிறவருக்கு அதுதான் கஷ்டமான வேலை.

"தங்கம்," என்றார் ராஜரத்தினம். "நீ சொல்லு."

ஹரி வாயெடுத்தான். அவர் அவன் தொடையில் கிள்ளினார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்நேஹா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

தங்கம் வாயைத் திறந்தாள்.

"எனக்கு..."

அடுத்த சொல் கிளம்பிவிட்டது, இன்னும் வந்துசேரவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளை எழுதியவள் நான்தான், ஆனால் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறதே, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நாக்கு நுனியில் அவளுடைய மிச்ச வாக்கியத்தை வைத்துக்கொண்டு துடிக்கிறீர்கள்.

அதை அங்கேயே வைத்திருங்கள். பஸ் வரும். அதுவரை என்னோடு நில்லுங்கள்.

தயவுசெய்து யாரும் தண்ணீர் கொடுக்க வேண்டாம்.