சோய்லா சொல்லாத ஒரே சேதி

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், குடியேற்றத் தாள் இல்லாதவர்கள் வாழும் அந்தத் தெருவின் எந்தச் சேதியும் சோய்லாவின் வாயில் தங்காது. தங்கியது ஒன்றே ஒன்றுதான்.

போன வருஷம் ஹசிந்தா அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரக் கிளம்பியபோது, "விலாசம் கொடுத்தா குடியேற்றப் போலீஸ் வாசல்ல வந்து நிக்கும், போகாதே கொமாத்ரே" என்று தடுத்தவள் சோய்லா. சோய்லா ஹசிந்தாவின் மகளுக்கு ஞானத்தாய்; அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்பார்கள். அவளே சொல்கிறாளே என்று ஹசிந்தாவும் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் முட்டிவலி தாங்காமல் சோய்லா மட்டும் ரகசியமாகச் சேர்ந்துகொண்டாள். வாசலில் ஒரு போலீஸும் வரவில்லை.

இந்த ஜனவரியில் கலிபோர்னியாவில் சட்டம் மாறியது. குடியேற்றத் தாள் இல்லாத பெரியவர்களில் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் காப்பீடு உண்டு. புதிதாக யாரும் சேர முடியாது. இப்போது ஹசிந்தாவின் காலில் சர்க்கரைப் புண்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றாள் சோய்லா, கேட்காமல் இருக்க முடியாமல்.

"காப்பீடு இல்லாம எந்த டாக்டர்? சந்தையில வாங்கின பச்சிலைக் களிம்புதான்" என்று சிரித்தாள் ஹசிந்தா. "ஊருக்கே புத்தி சொல்ற நீயே என்னை மாதிரிதானே முட்டியைத் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கே! இந்தா, பாதி உனக்கு."

சோய்லா களிம்பை வாங்கி, ஹசிந்தாவின் கண்ணெதிரிலேயே முட்டியில் தேய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நாளிலிருந்தே அந்த முட்டி வலிப்பதில்லை.