மச்சான் வண்டி எண்ணெய்

அவளுக்கு வேலை எண்ணெய் பார்ப்பது. சமையல் எண்ணெய் இல்லை கண்ணுகளா, லாரி எஞ்சினுக்குள் ஓடிக் கறுத்துப்போன எண்ணெய். டிரைவர்கள் ஆளுக்கொரு சின்னப் பாட்டிலில் பிடித்து, வண்டி நம்பரை ஒட்டி அனுப்புவார்கள். அதில் கொஞ்சத்தை அவள் மிஷினில் வைத்தால், அது பொறி தெறித்து எரியும். அந்த வெளிச்சத்தைக் கொண்டே இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று மிஷின் சொல்லிவிடும். எஞ்சினுக்குள் எது தேய்கிறதோ அதன் தூள்தானே எண்ணெயில் மிதக்கும்? ரத்தம் பார்த்து நோய் சொல்கிற மாதிரிதான்.

அவள் புருஷனும் லாரி டிரைவர், தம்பியும் லாரி டிரைவர். ஒரே கம்பெனி. இரண்டு பேர் பாட்டிலும் அவள் மேஜைக்குத்தான் வரும்.

"என்ன சொல்லுது உன் மிஷினு? என் வண்டி பிழைக்குமா?" என்று சாப்பிட உட்காரும்போது புருஷன் கேட்பார்.

"உங்களைவிட உங்க வண்டி திடமா இருக்கு. மூச்சு வாங்காம மேடு ஏறுதுல்ல?" என்பாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவார். பல மாதமாக இதே கேள்வி, இதே பதில். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரம் மிஷின் படுத்துவிட்டது. பாட்டில்கள் குவிந்து கிடந்தன. ரிப்பேர் முடிந்த காலையில் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினாள். புருஷன் வண்டியும் தம்பி வண்டியும் திரையில் முதல் தடவையாக அடுத்தடுத்து வந்தன.

இரும்பு ஒன்றுபோல இருந்தது. செம்பும் அப்படியே. ஈயம், தூசி மண், எல்லாமே அப்படியே. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் மட்டும் லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

'ஒரே பாட்டிலை ரெண்டு தடவை வெச்சிட்டேன் போலிருக்கு' என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். இரண்டையும் குலுக்கி, மூடியில் நம்பரைப் பார்த்து, மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே எண்கள். கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டி எண்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்தே இருந்தன.

ஓர் எஞ்சின் தேய்கிற மாதிரி இன்னோர் எஞ்சின் தேயாது. இது ஒரே எஞ்சினின் எண்ணெய்.

தம்பிக்குப் போன் போட்டாள். திருட்டுத்தனம் என்றால் சின்ன வயதிலிருந்தே அவன்தான். "ஏன்டா, உன் மாமா வண்டியில எண்ணெய் எடுத்து உன் பாட்டில்ல ஊத்தி அனுப்புறியா? உனக்கு வெட்கமா இல்ல?"

"அக்கா, சும்மா என்னைத் திட்டாத. ரெண்டும் என் வண்டி எண்ணெய்தான்."

"அப்போ அவர் வண்டியோடது எங்க?"

தம்பி இழுத்தான். "மாமாதான் கேட்டாரு. 'மச்சான், உன் வண்டி புதுசு, எனக்கும் சேர்த்து ஒரு பாட்டில் பிடிச்சுக் குடுடா'ன்னாரு. முன்னாடி ஒரு தடவை நீ ரிப்போர்ட் எழுதி அவர் வண்டியைப் பிரிச்சாங்கல்ல? மழைக்காலம் முழுக்க வீட்ல இருந்தாரு. பொண்டாட்டி கையெழுத்துல வீட்ல உக்காந்தவன்னு ஷெட்ல அத்தனை பேரும் கிண்டல் பண்ணாங்கக்கா. அவரால தாங்க முடியல."

அத்தனை மாதமும் தம்பி வண்டிக்கே இரண்டு தடவை பாஸ் போட்டிருக்கிறாள். புருஷன் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அன்று அவர் முழுப் பாரத்தோடு மலைப்பாதைக்குப் போயிருந்தார்.

அவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மேடு ஏறும்போது போனைத் தொட மாட்டார், நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கத்தை அவள் வாய்விட்டுத் திட்டினாள். ஏற்றத்தில் எஞ்சின் சுழலாமல் இறுகிப்போனால் வண்டி நிற்கும். இறக்கத்தில் இறுகினால் ஸ்டீரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்குக் காற்றும் ஏறாது. எதிரே பள்ளம்தான்.

எத்தனையாவது தடவையோ, எடுத்தார். "என்னடி, வீட்ல யாருக்காவது ஏதாவதா? மலை உச்சியில டீ குடிச்சிட்டு இப்பத்தான் இறங்கலாம்னு..."

"இறங்காதீங்க! சாவியை எடுங்க. எனக்கு எல்லாம் தெரியும். தம்பி சொல்லிட்டான்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சத்தம், அவ்வளவுதான்."

"என்ன சத்தம்?"

"அடியில தட்டுற மாதிரி. ரெண்டு நாளா."

"ஐயோ! அளவுக் கம்பியை உருவி எண்ணெயைக் கையில தேய்ச்சு, வெயில்ல காட்டிப் பாருங்க. போனை வைக்காதீங்க."

கதவு திறக்கும் சத்தம். பானெட் தூக்கும் சத்தம். அப்புறம் மலைக்காற்று மட்டும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய்..." அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. "மினுங்குதுடி. ஜரிகை மாதிரி கையெல்லாம் மினுங்குது."

எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங் தூளாகி எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அந்த இறக்கம் அவர் கண்முன்னால்தான் கிடந்தது. அவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார் என்பது, அவர் மூச்சு விட்டதிலேயே அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் வண்டியை இழுத்து வந்தார்கள். அவர் நேராக லேபுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "இது என்னோடதுதான்" என்றார்.

மிஷின் ஓடியது. ஈயமும் செம்பும் அவள் அதுவரை பார்க்காத உயரத்துக்கு ஏறி நின்றன. 'வண்டியை ஓட்டக் கூடாது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும்' என்று ரிப்போர்ட் அடித்து எடுத்தாள்.

"இதுலயும் நீதான் கையெழுத்து போடணுமா?" என்றார் மெதுவாக.

"நான்தான் போடுவேன். வீட்ல உக்காருங்க. உங்களைக் கண்ணால பார்த்துக்கிட்டாவது இருக்கேன்."

பேனாவை எடுத்தாள். தன் பெயரை முழுசாக எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.