மேல போற கோச்சி

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லிப்புடு தம்பி. நாளைக்குக் காலையில பொம்பளைங்க வந்து மாரடிச்சு அழுவாங்க. அதக் கேட்டுத்தான் புள்ள தெரிஞ்சிக்கணுமா?"

சிவசக்தி இதைச் சொன்னது சனிக்கிழமை காலையில், பசறையில் தன் வாடகை வீட்டு அடுப்படியில், தேங்காய் துருவிக்கொண்டே. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டு நின்றவன் அவள் தம்பி நிஷாந்த். சரி என்று தலையாட்டினான். மூன்று மாதமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

அவன் மனைவி நிரஞ்சலா நவம்பர் மழையில் செத்துப்போனாள். மலை சரிந்து, அவர்கள் குடியிருந்த கீழ்ப்பிரிவு லயத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகளை மூடிய காலையில் நிஷாந்த் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். ஆறு வயது மகள் தனுஷிகா காய்ச்சலோடு பசறையில் அத்தை வீட்டில் இருந்தாள். நிரஞ்சலா மட்டும் வீட்டில். உடம்பு கிடைக்கவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். போன வாரம்தான் மரணச் சான்றிதழ் கைக்கு வந்தது. வந்த அன்றே சிவசக்தி கருமாதிக்கு நாள் குறித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு. தோட்டமே திரண்டு வரப்போகிறது. தாய் செத்த சேதி தெரியாத ஒரே ஆள் தனுஷிகாதான்.

அதெப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. மழை விட்ட மூன்றாம் நாள், எல்லோரையும் தங்க வைத்திருந்த பாடசாலை மண்டபத்துக்கு அத்தை கூட்டி வந்த இடத்தில், "எங்கம்மா எங்க?" என்று பிள்ளை கேட்டபோது, பக்கத்துப் பாயில் இருந்த வேலாயி, "ஒங்கம்மா மேல போயிருச்சு தாயி" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு மேல என்றால் ஆகாயம். தோட்டத்துப் பிள்ளைக்கு மேல என்றால் மலையில் உயரே இருந்த மேல்பிரிவு. இன்றைக்கு மேல வேலை, மேல திருவிழா, மேல கல்யாணம் என்றுதான் அந்தத் தோட்டத்தில் பேச்சு. நிரஞ்சலாவின் அண்ணன் வீடும் மேல்பிரிவில்தான்.

"மாமா வீட்டுக்கா?" என்று பிள்ளை கேட்டாள். வேலாயி நிஷாந்தைப் பார்த்தாள். நிஷாந்த் கூரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த மழையிலேயே மேல்பிரிவுக்கு ஏறுகிற பாதையும் அறுந்து போயிருந்தது, பொய்க்கு முட்டுக்கொடுக்க நல்ல வசதியாகப் போயிற்று. பாதையைச் சரிசெய்ததும் அம்மா வந்துவிடும் என்று சொல்லிவைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மேல்பிரிவையும் காலி செய்யச் சொன்னார்கள். தகப்பனும் மகளும் தங்கியிருந்த பசறை வீட்டுக்கு மாமன் மூட்டை முடிச்சோடு வந்து நின்றான். தனுஷிகா அப்பாவை விடவில்லை.

"மாமா எப்பிடி வந்தாரு?"

"நடந்து வந்தாரு."

"அம்மா ஏன் நடந்து வரல?"

"அம்மாவுக்குக் கால் வலி."

இப்படி ஒரு பதிலைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைக்காதீர்கள். துணிச்சல் இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம் வரும். அன்றையிலிருந்து பிள்ளை பின்னேரம் ஆனால் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பாள். அவர்களுடைய தோட்டம் அந்தப் பக்கமே இல்லை. நிஷாந்தும் கூட நின்று பார்ப்பான். உண்மையைச் சொன்னால், பிள்ளையோடு நின்று பார்க்கும் அந்தக் கால் மணி நேரம் அவனுக்குச் சுகமாகவே இருந்தது. மற்ற நேரமெல்லாம் ஒன்றுமே இல்லை. ஹார்ட்வேர் கடையில் சீமெந்து மூட்டை இறக்கினான், போட்டதைச் சாப்பிட்டான், படுத்தால் தூங்கினான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனசு கல்லாகிவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கல்லாவது கனக்கும். அவனுக்கு எதுவும் கனக்கவில்லை.

பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பொம்மை ரயில் கண்காட்சி என்று கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அங்கே கூட்டிப் போகலாம், போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினான். பஸ்ஸில் சொல்ல நினைத்தான், பாட்டு அலறியது. பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் சொல்ல நினைத்தான், பிள்ளைக்கு மூத்திரம் வந்தது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றால், ஐஸ்கிரீம் தின்கிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிக்கொண்டே மண்டபத்து வாசல் வரை வந்துவிட்டான்.

உள்ளே திருவிழாக் கூட்டம். மண்டபத்தின் நடுவே மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ரயில் பாதையை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். பதுளை ஸ்டேஷன், ஹாலிஎல, தெமோதரை, ஒன்பது வளைவுப் பாலம், எல்லாம் இருந்தன. பஞ்சிலும் மரத்தூளிலும் தேயிலை மலை. மலை உச்சிக்குக் கிட்ட விரல் நுனி அளவில் கூடை மாட்டிய கொழுந்துப் பெண்கள். நீல நிறக் கோச்சி ஒன்று தண்டவாளத்தில் சின்னதாகக் கூவிக்கொண்டு ஓடியது.

"நெசக் கோச்சி ஓடல, பொம்மக் கோச்சி ஜோரா ஓடுது," என்றான் கூட்டத்தில் ஒருவன். நவம்பர் மழை உண்மையான தண்டவாளத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நிஷாந்தும் சிரிப்பது மாதிரி உதட்டை இழுத்தான்.

மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு சிதம்பரநாதன் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வேலைக்கு வந்து, அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். இந்த மலையையும் பாலத்தையும் செய்ய அவருக்கு ஆறு வருஷம் பிடித்ததாம். தொடப்போகிற கைகளை விரட்டுவதே அவருக்கு வேலையாக இருந்தது. ஆனால் தனுஷிகா எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"என்ன பிள்ளை, அப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"இந்தக் கோச்சி மேல போகுமா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஏற்றத்தைப் பற்றிக் கேட்க ஒருத்தி வந்திருக்கிறாளே என்று குனிந்தார். "போகும், ஏன் போகாது? இஞ்ச பாருங்கோ, இது தெமோதரைச் சுற்று. கோச்சி முதல்ல ஸ்டேஷனுக்குக் கீழால சுரங்கத்துக்குள்ள போகும். பிறகு மலையைச் சுத்தி ஏறி, அதே ஸ்டேஷனுக்கு மேல வந்து நிக்கும்."

"பாதை ஒடையலயா?"

"இஞ்ச ஒண்டும் உடையேல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்குது."

தனுஷிகா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நிஷாந்த் மூன்று மாதமாகப் பார்த்ததில்லை. "அப்பா, கோச்சிப் பாதை ஒடையலயாம். அம்மா கோச்சியில வரலாம்ல? நடக்கத் தேவயில்லல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சிதம்பரநாதன் முந்திக்கொண்டார். "வாங்கோ, நீங்களே ஓட்டுங்கோ. இந்தக் குமிழை மெல்லமாத் திருப்பவேணும், சரியோ?"

அவளை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பொறாமை. தனுஷிகா நாக்கைக் கடித்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள். கோச்சி பதுளையை விட்டுப் புறப்பட்டது, சுரங்கத்துக்குள் போயிற்று, வெளியே வந்தது, வளைந்து வளைந்து ஏறியது. பழகிய ஆள் மாதிரி ஓட்டினாள். கொழுந்துப் பெண்கள் நிற்கிற இடத்துக்கு நேரே வந்ததும் குமிழைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஸ்டேஷன் இன்னும் கொஞ்சம் அங்கால," என்றார் சிதம்பரநாதன்.

அவள் அசையவில்லை. கோச்சியும் அசையவில்லை. பின்னால் பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கின.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டீங்கள்?"

"அம்மா ஏறணும்."

சிதம்பரநாதன் சிரித்தார். "ஏறட்டும், ஏறட்டும். அம்மா ஏறிட்டாவோ?"

"இன்னும் இல்ல."

ஒரு தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சிதம்பரநாதனின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் நிஷாந்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், குமிழை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நிஷாந்த் கூரையைப் பார்க்கப் போனான். அங்கேயும் ஒரு கூரை இருந்தது. ஆனால் முக்காலியில் ஏறி நின்ற பிள்ளையின் முகம் இன்றைக்கு அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

"தனு," என்றான். "எறங்கு, போவம்."

"அம்மா ஏறலயேப்பா."

"அம்மா ஏறாது."

"ஏன்?"

"அம்மா செத்துப் போச்சு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சீமெந்து முடிந்துவிட்டது என்று கடையில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னான். தன் குரல் அப்படி இருந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. முணுமுணுத்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன.

தனுஷிகா அவனைப் பார்த்தாள். பிறகு பஞ்சு மலையைப் பார்த்தாள். "மேலயா?"

"இல்ல." இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "கீழதான். நம்ம வீட்டுல. மழை பெஞ்ச அன்னைக்கே."

"மேல போகவே இல்லயா?"

"போகல."

அவள் அழவில்லை. புதுக் கணக்கைப் போடும்போது செய்வது மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப நாம ஏன்ப்பா தெனமும் மேலயே பாத்தோம்?"

தனுஷிகா குமிழிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க ஓட்டுங்க," என்று சிதம்பரநாதனிடம் சொல்லிவிட்டுத் தானே முக்காலியிலிருந்து இறங்கினாள். அவர் ஓட்டவில்லை. அடுத்த பிள்ளை வந்து சட்டையை இழுக்கும்வரைக்கும் கோச்சி அங்கேயே நின்றது.

பஸ் நிலையத்துக்கு நடந்து போகும்போது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "நாளைக்கு அதுக்குத்தான் அத்த எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்களா?" ஆமாம் என்றான். "எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" அதற்கும் ஆமாம் என்றான். அதற்கப்புறம் கையைக் கொடுக்காமல் பக்கத்தில் நடந்து வந்தாள். சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆகவில்லை. பாரமாகவும் ஆகவில்லை. ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அடுத்ததற்காக நிற்பது போல நின்றான், அவ்வளவுதான். தான் மனுஷன்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

பசறை பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னல் பக்கம் இருந்த ஒரு பெண், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தனுஷிகாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நிஷாந்த் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்தால் நாலு வார்த்தை கேட்காமல் இருக்க முடியுமா? பேர் என்ன என்று கேட்டாள். எத்தனையாம் ஆண்டு படிக்கிறாய் என்று கேட்டாள். பிறகு, "அம்மா வரல்லயா மகள்?" என்றாள்.

நிஷாந்தின் வாய் பழக்கத்தில் திறந்தது. மேல போயிருக்கு என்று சொல்லத்தான்.

"எங்கம்மா செத்துப் போச்சு," என்றாள் தனுஷிகா. "மேல இல்ல. கீழ, எங்க வீட்டுல. மண்ணுக்குள்ள."

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக ஆட்கள் சொன்னார்கள், அதிகாரிகள் சொன்னார்கள், முத்திரை குத்திய கடுதாசியும் சொன்னது, இன்றைக்கு அவனே தன் வாயால் சொன்னான். எதுவும் உள்ளே இறங்கவில்லை. பிள்ளையின் குரலில் கேட்டபோதுதான் நிரஞ்சலா செத்தாள். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நின்றாள், மேலே மண் விழுந்தது. இனிக் கொல்லைக் கதவைத் திறந்து பார்க்க அவனுக்கு மலையும் இல்லை.

பஸ் புறப்பட்டு முதல் வளைவில் திரும்பியது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து அவன் தோளைத் தட்டினான். "எங்க?"

பசறை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது, அத்தனை பேர் நடுவில், வாயைப் பொத்தவும் தோன்றாமல். கண்டக்டர் திகைத்துப்போய் நின்றான்.

"பசறை," என்றாள் தனுஷிகா, அந்தப் பெண்ணின் மடியிலிருந்து நிமிர்ந்து. "ஒரு முழு டிக்கட், ஒரு அரை டிக்கட். வேற யாரும் இல்ல."